திறை என்று எழுதிவிட்டால் திறையாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழங்காலப் பேரரசுகளின் உறவுகள் பற்றிய தொடரின் முதல் பகுதியைக் கடந்த ஞாயிறு இதழில் படித்தேன். ரோமும் சீனமும் ஒன்றுக்கொன்று தூது அனுப்பிக்கொண்டன, இடையில் கிடந்த இலங்கை ரோமின் பெருமையைக் கண்டு வாய்பிளந்தது, பிற்காலத்தில் சீனத்துக்குத் திறை, அதாவது கப்பம், கட்டியது என்பது அதன் சாரம். எங்கள் வாசகர் வட்டத்துக்கு உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலரும் வருவார்கள். இந்தக் கட்டுரையை வைத்து அங்கே நல்ல சண்டை நடந்தது. அதற்காகவே கட்டுரையாளருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர் எடுத்துக்காட்டும் செய்திகள் அத்தனையும் அந்தந்தப் பேரரசின் சொந்த ஆட்கள் எழுதிவைத்தவை. அதை அவர் ஓர் இடத்திலாவது வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ரோம மன்னன் கிளாடியஸிடம் இலங்கையிலிருந்து தூதுவர் நால்வர் போன கதையையே எடுத்துக்கொள்வோம். முதலாம் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் பிளினி எழுதியது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவரின் ஆள் காற்றில் அடிபட்டு இங்கே கரையொதுங்குகிறான். ஆறு மாதத்தில் மொழியைக் கற்றுக்கொண்டு அரசனிடம் பேசுகிறான். அவனிடமிருந்த ரோம நாணயங்களில் வெவ்வேறு மன்னர்களின் தலைகள், ஆனால் எல்லாம் ஒரே எடை. அதைப் பார்த்து ரோமரின் நேர்மையை மெச்சிய அரசன் தூது அனுப்பினான் என்பது கதை. சரி. இப்போது ஆறாம் நூற்றாண்டுக்கு வாருங்கள். கொஸ்மஸ் என்ற கிரேக்க வணிகர் ஏறக்குறைய இதே கதையைச் சொல்கிறார். இலங்கை அரசன் முன்னால் ஒரு ரோம வணிகன், ஒரு பாரசீகன். யாருடைய அரசன் பெரியவன் என்று கேள்வி. ரோமன் பொற்காசைக் காட்டுகிறான், பாரசீகனிடம் இருப்பதோ வெள்ளிக்காசு. பாரசீகன் தலைகுனிகிறான். இடையில் ஐந்நூறு ஆண்டுகள், ஆனாலும் அதே அரசவை, அதே காசு, அதே வியப்பு. எங்கள் வட்டத்து மாணவி ஒருத்தி, “இந்த அரசர்மாருக்குக் காசை உற்றுப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையே இல்லையா?” என்று கேட்டாள்.

அந்தக் காலத்துக் கடல் வணிகத்தின் நிலைமை என்ன என்பதை ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் எழுதியிருக்கிறார். அவரும் ரோமப் பக்கத்தவர்தான். பாரசீகரின் கையில் சிக்காமல் பட்டு வாங்க விரும்பிய ரோம மன்னன் ஜஸ்டினியன், எத்தியோப்பியரை இந்தியத் துறைமுகங்களில் நேரடியாக வாங்கித் தரச் சொன்னான். அவர்களால் முடியவில்லை. கப்பல் வந்து நிற்கும் துறைகளில் சரக்கு முழுவதையும் பாரசீக வணிகர் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். கொஸ்மஸ் பொற்காசுக் கதையை எழுதிவைத்தது இந்தத் தோல்விக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. சந்தையில் தோற்றவர் கதையில் ஜெயித்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

சீனத்தின் கதையும் இதற்கு இளைத்ததல்ல. கி.பி. 97இல் ரோமைத் தேடி அனுப்பப்பட்ட சீனத் தூதர் கான் யிங், அன்று பாரசீகத்தை ஆண்ட பார்த்தியரின் கடற்கரை வரை போய்த் திரும்பிவிட்டார். கடலைக் கடக்க இரண்டு வருடமும் ஆகலாம் என்று அங்கிருந்த மாலுமிகள் பயமுறுத்தினார்கள். பட்டு வணிகத்தைத் தங்கள் கையிலேயே வைத்திருக்கப் பார்த்தியர்தான் வழியை மறித்தார்கள் என்று சீன வரலாறே எழுதுகிறது. 166இல் ரோம மன்னனின் தூதுவர் என்று சொல்லிக்கொண்டு சிலர் வியட்நாம் பக்கமாகச் சீன அரசவைக்கு வந்தார்கள். கொண்டுவந்தவை யானைத் தந்தமும் காண்டாமிருகக் கொம்பும் ஆமை ஓடும். அத்தனையும் வழியில் இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் கிடைக்கும் சாமான்கள். இதில் அருமையான பொருள் ஒன்றும் இல்லையே என்று சீன எழுத்தரே சந்தேகப்பட்டிருக்கிறார். வந்தவர்கள் பெரும்பாலும் வணிகர்களாகத்தான் இருக்க வேண்டும். இதைக் கட்டுரையாளர் ‘இரு பேரரசுகளின் கைகுலுக்கல்’ என்கிறார்! குலுக்கிய கை இடைத்தரகருடையது. அதிகாரமும் அந்தக் கையில்தான் இருந்தது.

திறை விஷயத்துக்கு வருகிறேன். செங் ஹ என்ற சீனக் கடற்படைத் தலைவர் கொண்டுவந்து நிறுத்திய மும்மொழிக் கல்வெட்டு 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரையில் திருமாலாக வணங்கப்பட்ட தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் சீனப் பேரரசர் காணிக்கை செலுத்துகிறார். மூன்றிலும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் ஏறத்தாழ ஒன்றேதான். பொருள் கொடுத்தவர் திறை கட்டியவர் என்ற கட்டுரையாளரின் கணக்கை இங்கே போட்டால், சீனப் பேரரசர் தேனாவரைப் பெருமாளுக்குத் திறை கட்டினார் என்று எழுத வேண்டிவரும். அப்படி யாரும் எழுதுவதில்லை. அதே பொருட்கள் எதிர்த்திசையில் போனால் மட்டும் அது அடிபணிதல் ஆகிவிடுகிறது. 1411இல் சீனப்படை இங்கிருந்த ஆட்சியாளரைப் பிடித்துக்கொண்டு போனது உண்மை, அதை மறுக்க முடியாது. அது படைபலம். ஆனால் அந்த ஒரு சம்பவத்தை வைத்து அதற்கு முன்னும் பின்னும் போன ஒவ்வொரு பரிசுப் பெட்டிக்கும் திறை என்று முத்திரை குத்துவது நியாயமில்லை.

சடங்கில் யார் குனிந்தார், காரியத்தில் யார் நிமிர்ந்தார் என்பதை அளந்து பார்க்க இரண்டு பக்கத்து எழுத்தும் நமக்கு வேண்டும். ரோம் விஷயத்தில் அது இல்லை. ஆனால் நம் மலைநாட்டில் இருக்கிறது. கட்டுரையாளர் இதை எப்படித் தவறவிட்டார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கண்டி அரசனுக்கும் ஒல்லாந்தருக்கும் (டச்சுக்காரருக்கும்) இருந்த உறவைச் சொல்கிறேன். கரையோரக் கோட்டைகள் எல்லாம் ஒல்லாந்தர் கையில். ஆனால் நல்ல கறுவாவில் பெரும்பகுதி அரசனின் காட்டில் இருந்தது. அதனால் ஒல்லாந்தத் தூதுக்குழு வருடாவருடம் கணவாய் ஏறி வந்து கறுவா உரிக்க அனுமதி கேட்கும். ஆளுநரின் கடிதத்தை வெள்ளித் தட்டில் வைத்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வருவார்கள். தூதுவர் அரசன் முன் முழந்தாளிடுவார். கடிதத்தில் ஆளுநர் தன்னை அரசனின் பணிவுள்ள ஊழியன் என்பார், கொழும்பை அரசனுடைய கோட்டை என்பார். கண்டி அரண்மனை எழுத்தர் இதை என்னவென்று எழுதியிருப்பார்? திறை என்றுதான். ஒல்லாந்த வணிகக் கம்பனியின் ஆசியத் தலைமையகமான பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த கணக்கர் என்ன எழுதியிருப்பார்? கறுவா கொள்முதல் செலவு.

இரண்டில் எது உண்மை? இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. கணவாயை மூடினால் கறுவா இல்லை, துறைமுகத்தை மூடினால் மலைக்கு உப்பு இல்லை. 1761இல் தொடங்கிய போர்தான் அந்தச் சமநிலையைக் குலைத்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி நகருக்குள்ளேயே புகுந்து சூறையாடினார்கள், ஆனால் அங்கே தங்க முடியாமல் பின்வாங்கினார்கள். 1766 உடன்படிக்கையில் கரையோரம் முழுவதும் கண்டியின் கையைவிட்டுப் போனது. உப்பு அள்ளும் உரிமைகூட உடன்படிக்கையில் எழுதி வாங்க வேண்டியதாயிற்று. முந்தின தலைமுறைத் தூதுவர் முழந்தாளிட்டது அதைத் தடுக்கவில்லை.

எழுத்தின் விளையாட்டு 1638இலேயே தொடங்கிவிட்டது. போர்த்துக்கேயரை விரட்டக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையில், பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பது ‘அரசர் விரும்பினால்’ என்று ஒரு பிரதியில் இருந்தது. ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் அந்தச் சொற்கள் இல்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்களவர் இன்றைக்கும் சொல்வார்கள்.

பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டுரையாளர் கிழக்கு ரோமப் பேரரசைப் ‘பைசாந்தியப் பேரரசு’ என்று தாராளமாக எழுதுகிறார். அந்த மக்கள் தங்களை அப்படி அழைத்ததே இல்லை, கடைசிவரை ரோமர் என்றுதான் சொன்னார்கள். இந்தப் பெயர் 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர் ஒருவர் வழியாக, அந்தப் பேரரசு அழிந்த பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 968இல் போப்பாண்டவர் அனுப்பிய கடிதம் அவர்களுடைய மன்னனைக் ‘கிரேக்கரின் மன்னன்’ என்று விளித்தபோது, அதைக் கொண்டுவந்த தூதுவர்களைச் சிறையிலேயே தள்ளினார்கள். ரோமர் என்ற பெயர் போனால் உரிமையும் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நமக்கும் இது தெரியாததல்ல. 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர்கள் பௌத்தத்தைப் பேணி, சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்துச் சங்கத்தை மீட்டவர்கள். 1815 மார்ச் 2ஆம் தேதி பிரித்தானியர் கண்டிப் பிரதானிகளோடு செய்த உடன்படிக்கையில் அவர்கள் ஒரே சொல்லில் ‘மலபார்’ இனத்தவர் ஆகி, அந்த இனத்துக்கு ஆட்சியுரிமை இல்லை என்று எழுதப்பட்டார்கள். தெலுங்கு வேர்கொண்ட மதுரை வழிக் குடும்பத்துக்கு இந்தப் பெயர்! அந்நியன் என்று பெயர் வைத்தாகிவிட்டது, அப்புறம் கடைசி அரசனை வேலூருக்கு நாடுகடத்துவதில் என்ன சிரமம்? (1911 குடிசன மதிப்பீட்டில் தோட்டத்து மக்களுக்கு வைத்த ‘இந்தியத் தமிழர்’ என்ற பெயரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது தனிக் கடிதமாகிவிடும்.)

அடுத்த பகுதி கண்டியும் பிரித்தானியரும் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். 1815 உடன்படிக்கையின் வாசகங்களைச் சுருக்காமல் தமிழில் போடுங்கள். 1638இன் இரண்டு பிரதிகளிலும் வேறுபடும் அந்த வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் உதவும். இடம் போதவில்லை என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். முதல் பகுதியில் கிளாடியஸ் சிலையின் படம் மட்டும் அரைப் பக்கத்தை விழுங்கியிருந்தது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கம்பளை.