கழுகுக் கூட்டுக்குப் பக்கத்துல இருந்து

டெவென்டர், நெதர்லாந்து

மாப்ள,

நாலு மாசமா உனக்குப் பதில் போடல, மன்னிச்சுக்கோடா. இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? வாத்தியார் அந்த சைக்கிளை இன்னும் விக்கலைன்னு கேள்விப்பட்டேன். விக்கவும் மாட்டார்.

"அந்தக் குட்டி ஊர்ல என்னடா இருக்கு, ஆம்ஸ்டர்டாம் பக்கம் போயிடு"ன்னு எழுதியிருந்தியே, படிச்சதும் சுருக்குன்னு வந்துச்சு. அதுக்குத்தான் இன்னிக்கு உக்காந்துட்டேன்.

எங்க வீட்டுலேர்ந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு ஸ்டேடியம். அடெலார்ஸ்ஹோர்ஸ்ட்னு பேரு, கழுகுக் கூடுன்னு அர்த்தம். எங்க ஊர் கால்பந்து கிளப் கோ அஹெட் ஈகிள்ஸ் 1920-லேர்ந்து அங்கதான் ஆடுறாங்க. சுத்திலும் குடியிருப்பு. மேட்ச் அன்னிக்கு சிவப்பு மஞ்சள் துண்டு போட்ட ஜனம் எங்க வாசல் வழியாத்தான் நடந்து போகும். சுமார் பத்தாயிரம் பேர் உக்காரலாம், ஊர் ஜனமே ஒரு லட்சத்துச் சொச்சம்தான். கணக்கு நீயே போட்டுக்கோ.

2025 அக்டோபர் 23, இங்கிலாந்து கிளப் ஆஸ்டன் வில்லா இங்க வந்து ஆடினாங்க, யூரோப்பா லீக்னு ஐரோப்பிய கிளப்புங்க மோதுற போட்டி. எனக்கு டிக்கெட் கிடைக்கல. சமையலறை ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு டிவி பார்த்தேன். டிவில பந்து இன்னும் நடுமைதானத்துல உருளுது, அதுக்குள்ள ஜன்னல் வழியா ஓன்னு சத்தம்! கோல் விழுந்தது முதல்ல காதுக்குத்தான் தெரியுது, கண்ணுக்கு அப்புறம்தான். 2-1, நாங்க ஜெயிச்சோம். கையில வெச்சிருந்த கரண்டியோட வாசலுக்கு ஓடினேன்.

அந்தப் போட்டிக்கே வழி விட்டது அந்த வருஷ ஈஸ்டர் திங்கள்தான். ராட்டர்டாம்ல நெதர்லாந்து கோப்பை இறுதி. 1-0 பின்னாடி, 90 நிமிஷமும் முடிஞ்சாச்சு, இன்ஜுரி டைம் கடைசியில எங்க ஆட்டக்காரர் மாட்ஸ் டெய்ல் பெனால்டி போட்டு சமன் பண்ணினார். அப்புறம் பெனால்டி ஷூட்அவுட்ல கோப்பை. 1933-ல லீக் ஜெயிச்சதுக்கு அப்புறம் இதுதான் பெரிய கோப்பை. பக்கத்து வீட்டுப் பெரியவர் 1965 இறுதியில தோத்தப்போ சின்னப் பையனாம். அன்னிக்கு ராத்திரி என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசல.

இப்போ என் கவலையைக் கேளு. ஜெயிச்சா பெருசு பண்ணணும்னு ஆசை வரும். பிரெடாவுல 1996-ல, அர்னெம்ல 1998-ல பழைய மைதானத்தை விட்டுட்டுப் புதுசுக்குப் போனாங்க. இங்கயும் ஒரு நாள் அப்படி ஆச்சுன்னா? நெடுஞ்சாலை ஓரமா, காரை நிறுத்திட்டு உள்ள போற இடத்துல எந்த சமையலறைக்கு சத்தம் கேக்கும்? சொல்றப்பவே எனக்கு வயித்தக் கலக்குது. இடம் பத்தலைன்னா பத்தட்டுமே, எனக்கு டிக்கெட் கிடைக்காட்டியும் பரவாயில்ல, அது அங்கயே இருக்கணும்டா.

பழசைக் காப்பாத்தத் தெரியாத ஊர் இல்ல இது. 1528-ல கட்டின எடை மண்டபம் பிரிங்க் சதுக்கத்துல இன்னும் நிக்குது. கள்ள நாணயம் அடிச்சவனைப் போட்டு வேகவெச்சதா சொல்ற செப்பு அண்டாவை அதுலயே தொங்க விட்டிருக்காங்க. பெரிய அறிஞர் இராஸ்மஸ் படிச்ச ஊர்டா! இனிமே குட்டி ஊருன்னு எழுதாதே.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு ஐசல் ஆத்தங்கரையில பழைய புத்தகச் சந்தை, கிலோமீட்டர் கணக்குல கடை. உனக்காகவே நடத்துற மாதிரி இருக்கும். காலிப் பெட்டியோட வா. பெரியவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், மைதானத்தைச் சுத்திக் காட்டுறேன்னார். விசாவுக்கு என்ன தாள் வேணும்னு உடனே எழுது.

உன் மச்சான்