உன்னுடைய காசு அங்கே கிடக்கிறது, மச்சான்

திருகோணமலை,
2025 ஐப்பசி, ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. போனிலும் "பிறகு எடுக்கிறேன்" என்று வைத்தவன்தான். கோபமாக இருப்பாய், இருந்துகொள். வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி கன்னியா வெந்நீரிலும் குறையவில்லை. மகன் என் தோளளவு வளர்ந்துவிட்டான். மழை பிடித்துவிட்டது, மட்டிக்களி வீட்டுக் கூரை பழையபடி ஒழுகுகிறது. பெரியண்ணர் இன்னும் அதே சைக்கிளில்தான் கடற்கரைக்கு வருகிறார், உன்னைக் கேட்டார். சுகம் விசாரித்தது போதும்.

போன செவ்வாய்க்கிழமை என் வங்கிக் கணக்கில் 45,300 ரூபாய் வந்து விழுந்தது. அனுப்பியது உள்நாட்டு இறைவரித் திணைக்களம். போனில் அந்தச் செய்தியை மூன்று தரம் வாசித்தேன், மனைவியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்து முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, "உங்கட சிநேகிதனுக்கும் வந்ததா?" அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. சம்பளத்தில் கூடுதலாக வெட்டிய வரியைத் திருப்பிக் கேட்கலாம் என்று தை மாதம் நான் சொன்னபோது நீ என்ன சொன்னாய், ஞாபகமிருக்கிறதா? "அரசாங்கத்துக்குப் போன காசு கடலில் போட்ட உப்பு, விடடா" என்றாய். இரண்டு ரூபாய் மிச்சத்துக்காகச் சீனக்குடா வரை கண்டக்டரோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தவன் நீ. அப்படிப்பட்டவன் இருபதாயிரத்துக்கு மேல் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கடலில் போட்ட உப்பு இல்லை மச்சான். ஆறுதலாக வாசி, கணக்கோடு சொல்கிறேன்.

நாம் இரண்டு பேரும் அந்த ஒப்பந்த வேலையிலிருந்து 2024 ஒக்டோபர் முடிவில் வெளியே வந்தோம். அதுவரை மாதாமாதம் சம்பளத்தில் ஏபிஐடி என்று வருமான வரி வெட்டினார்களே, அது எப்படி வெட்டப்பட்டது என்று நாம் ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஏப்ரலிலிருந்து மார்ச் வரையான அந்த வரி வருடத்தில் ஆளுக்கு 12 இலட்சம் வரை வரி இல்லை. அந்த 12 இலட்சத்தை மாதத்துக்கு ஒரு இலட்சமாகப் பங்கு போட்டு, அதற்கு மேல் வருகிற சம்பளத்துக்கு வரி வெட்டுகிறார்கள். எனக்குச் சம்பளம் 180,000. ஒரு இலட்சத்தைக் கழித்தால் மிச்சம் 80,000, அதில் முதல் 41,667 ரூபாய்க்கு 6 வீதம், மீதிக்கு 12 வீதம், ஆக மாதம் 7,100 ரூபாய் போனது. ஏழு மாதத்துக்கு 49,700.

இந்தக் கணக்கு பன்னிரண்டு மாதமும் ஒருவன் இதே சம்பளத்தில் இருப்பான் என்று நினைத்துப் போட்ட கணக்கு. நான் இருந்தது ஏழு மாதம். நவம்பரிலிருந்து மார்ச் வரை கையில் ஒரு சதம் சம்பளம் இல்லை. ஆனால் அந்த ஐந்து மாதத்துக்குரிய ஐந்து இலட்சமும் சட்டப்படி எனக்குச் சேரவேண்டிய கழிவு. அதை யாரும் தானாகக் கொண்டுவந்து தரமாட்டார்கள். வருட வருமானத்தைக் காட்டும் ரிட்டர்ன் படிவம் போட்டுக் கேட்டால்தான் உண்டு. சம்பளம் மட்டும் வருமானமாக உள்ளவன், வரி சம்பளத்திலேயே வெட்டப்பட்டிருந்தால், ரிட்டர்ன் போடத் தேவையில்லை என்று ஒரு வசதி இருக்கிறது. அந்த வசதிதான் நம்மைப் போன்றவர்களின் காசைச் சத்தமில்லாமல் அங்கேயே விட்டுவிட வைக்கிறது. எத்தனை பேர் பாதி வருடத்தில் வேலை போய் நிற்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டார்கள் என்று நினைத்தாலே எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை.

என் வருடக் கணக்கு இப்படி வந்தது. சம்பளம் 1,260,000. அதோடு தங்கச்சிக்கென்று அப்பா விட்டுப்போன பத்து இலட்சம் என் பேரில் நிலையான வைப்பில் இருக்கிறதல்லவா, அதன் வட்டி 80,000. மொத்தம் 1,340,000. பன்னிரண்டு இலட்சத்தைக் கழித்தால் 140,000. அதற்கு 6 வீதம், 8,400. நான் கட்டவேண்டிய முழு வரியும் அவ்வளவுதான். சம்பளத்தில் வெட்டியது 49,700, வங்கி வட்டியில் அப்போது 5 வீதமாகப் பிடித்தது 4,000, இரண்டும் 53,700. அதில் 8,400 போக மிச்சம் 45,300. முதலில் நான் வட்டியைச் சேர்க்காமல் கணக்குப் பார்த்து 46,100 வரும் என்று சந்தோஷப்பட்டேன். வட்டியைச் சேர்த்ததும் 800 ரூபாய் குறைந்துவிட்டது. ஆனாலும் சேர்த்தேன். நமக்கு வரவேண்டியதைக் கேட்கப் போகிறவன் தன் பக்கத்தில் ஒன்றையும் ஒளிக்கக்கூடாது.

இனி உன் கணக்கு. உன் சம்பளம் 165,000. மாதம் 5,300 வெட்டியிருப்பார்கள், ஏழு மாதத்துக்கு 37,100. பிறகு தை மாதம் வவுனியாவில் 90,000க்குச் சேர்ந்தாய், அதில் வெட்டு இல்லை. மார்ச் வரை 270,000. எல்லாம் சேர்த்து 1,425,000. பன்னிரண்டு இலட்சம் போனால் 225,000, அதற்கு 13,500 வரி. மிச்சம் 23,600 ரூபாய் உன்னுடையது. மார்கழியில் அந்தச் சிவப்பு ஹொண்டாவை என்ன விலைக்கு விற்றாய் என்று எனக்குத் தெரியும். பஸ் நிலையத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு நீ பேசாமல் நின்ற நிற்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீ அப்படி நின்ற நேரத்திலும் இந்தக் காசு உன் பேரில் கொழும்பில் கிடந்தது மச்சான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது வரியில்லாத எல்லை 18 இலட்சம் ஆகிவிட்டதே, அதைப் போட்டுப் பார்க்கலாமே என்று நீ கேட்பாய். பார்க்க முடியாது. அது 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து. நம் கணக்கு 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, அதற்குப் பழைய 12 இலட்சம்தான்.

சரி, எனக்கு ஏன் இத்தனை மாதம் பிடித்தது என்று சொல்கிறேன், உனக்கும் அதே குழி இருக்கக்கூடும். மே மாதமே இணையத்தில் ரிட்டர்னை நிரப்பிவிட்டேன். பிறகு பார்த்தால் என் பேரில் ஏபிஐடி ஒரு சதமும் வரவாகவில்லை. ஏழு மாதமும் வெட்டிய காசு எங்கே? இரவு ரயில் ஏறினேன். கல் ஓயாச் சந்தியில் பெட்டி கழற்றி மாட்டுகிற நேரமெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது, கம்பெனி கட்டாமல் விழுங்கிவிட்டதோ என்று. விடிய கோட்டையில் இறங்கி சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தைக்கு நடந்தேன். அங்கே இருந்த ஒரு அம்மா, தமிழ் நன்றாகக் கதைத்தார், என் பே சிலிப்பையெல்லாம் பார்த்துவிட்டு, "தம்பி, இது போதாது, டி-10 கொண்டு வாங்கோ" என்றார். டி-10 என்பது எவ்வளவு வரி வெட்டினோம் என்று வேலை தந்தவர்கள் எழுதித் தரும் சான்றிதழ். பழைய இடத்திலிருந்து அதை வாங்க நான்கு மின்னஞ்சல், எத்தனையோ போன். வந்ததும் பார்த்தேன், என் வரி இலக்கத்தில் இரண்டு எண் இடம் மாறி அடிக்கப்பட்டிருந்தது. அவர்கள் காசைக் கட்டியிருக்கிறார்கள், ஆனால் இல்லாத ஒருவனின் பேரில். சம்பளம் போட்ட அக்காதான் கடைசியில் பட்டியலைத் திருத்தி அனுப்பினார். அவருக்கு நான் சாகும்வரை நன்றி சொல்லுவேன். உன் டி-10ஐயும் அதே கை அடித்திருக்கலாம். முதலில் உன் வரி இலக்கத்தை, அதுதான் டின் இலக்கம், ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார். பிழை இருந்தால் இப்போதே அக்காவுக்குச் சொல்.

ரிட்டர்ன் போடக் கடைசி நாள் நவம்பர் 30. அது தவறினாலும் வரி கட்டிய நாளிலிருந்து நான்கு வருடத்துக்குள் மீளளிப்புக் கோரலாம். நீ இதைக் கேட்டதும் "அப்படியென்றால் அவசரமில்லை" என்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அவசரம் இருக்கிறது. அந்தக் கம்பெனி அலுவலகம் இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று யார் கண்டது? அக்கா வேலையை விட்டுப் போய்விட்டால் யாரிடம் போய் நிற்பாய்? இன்னொன்று, வேறு ஏதாவது வரிப் பாக்கி உன் பேரில் இருந்தால் இதில் கழித்துக்கொள்வார்கள். உனக்கு அப்படி ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன், இருந்தால் இப்போதே சொல்லிவிடு.

அப்புறம் மூதூரில் உன் அம்மாவின் வைப்பு. கேட்க மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டாய் என்று நம்புகிறேன். ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள். அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை, 18 இலட்சத்தைக் கனவிலும் தொடமாட்டா. வங்கியில் ஒரு பிரகடனம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள், டின் இலக்கம் மட்டும் எடுக்கவேண்டும். எங்கள் அம்மாவுக்கு நான் போன மாதம் கொடுத்தேன். கிழவிக்கு மருந்துக்காசு அது. இதை நீ செய்யாவிட்டால் நானே மூதூருக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போவேன், பிறகு அவ உனக்கு என்ன ஏச்சு ஏசுவா என்று நீயே யோசித்துக்கொள்.

குருநாதரிடமும் சொல்லு. கூரையில் சோலார் போட்டவர், மின்கட்டமைப்பில் இணைத்தும் இருக்கிறார். அந்தச் செலவுக்கு வருடம் 6 இலட்சம் வரை கழிவு உண்டு, அவர் சம்பளத்துக்கு அது பெரிய காசு. அவர் கேட்கிறாரா இல்லையா தெரியாது, நம்மைப் போலவே பேசாமல் இருப்பார்.

நான் இப்போது நிலாவெளியில் ஒரு ஹொட்டலின் கணக்குப் பார்க்கிறேன், 140,000 தருகிறார்கள், வெட்டு இல்லை. அந்த ஐந்து மாதத்தைப் பற்றி உனக்கு நான் எழுதவே இல்லை. காலையில் சட்டை போட்டுக்கொண்டு டச் பேக்குப் போய் மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பேன், வீட்டில் மகன் கேட்கக்கூடாதென்று. தங்கச்சியின் காசைத் தொடவில்லை. மனைவியின் சங்கிலிதான் போனது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் அந்தக் காசில் அதை மீட்டுக் கொடுத்தேன். கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போனாள். நீயும் அந்த மாதங்களில் இப்படித்தான் எங்கோ உட்கார்ந்திருந்தாய் என்று எனக்குத் தெரியும், கேட்காமல் இருந்தது என் பிழை.

வரும் ஞாயிறு முதல் பஸ்ஸில் ஹொரவப்பொத்தானை வழியாக வருகிறேன். டி-10, இரண்டாவது இடத்துச் சம்பளக் கடிதம், வங்கிக் கணக்குப் புத்தகம், அடையாள அட்டை நான்கையும் மேசையில் எடுத்து வை. இரண்டு மணித்தியாலத்தில் நிரப்பிவிடலாம். ஐஸ் பெட்டியில் பாரை மீன் கொண்டு வருகிறேன், தேங்காய் மட்டும் வாங்கி வை.

உன் பக்கத்து மேசைக்காரன்