லட்சுமய்யாவின் விண்ணப்பம்

கொல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டியின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 1836இல் உங்கள் சங்கத்தின் பார்வைக்கு வந்த ஒரு விண்ணப்பத்தைப் பற்றி எழுதுகிறேன். எழுதியவர் காவலி வெங்கட லட்சுமய்யா. தென்னிந்தியாவில் நில அளவைப் பணியோடு ஏடுகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டிய ஆங்கில அதிகாரி கர்னல் காலின் மெக்கன்சியிடம் தலைமை உதவியாளராக இருந்தவர்.

மெக்கன்சி 1821இல் இறந்தபோது அவரிடம் 1,568 சுவடிகளும் 8,076 கல்வெட்டுப் படிகளும் சேர்ந்திருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி அவற்றை 10,000 பவுனுக்கு வாங்கியது. ஆனால் நம் மொழிகளில் தனக்குத் தேர்ச்சி இல்லை என்பதை மெக்கன்சியே ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்படியென்றால் ஊர் ஊராகப் போய்க் கோயில்காரர்களிடமும் ஊர்க் கணக்கர்களான கர்ணங்களிடமும் பேசி, தரத் தயங்கியவர்களை இணங்கவைத்து, ஏடு வாங்கிப் படியெடுத்தது யார்? லட்சுமய்யாவும் அவருடைய அண்ணன் போரய்யாவும் அவர்களோடு வேலை செய்த மற்ற உதவியாளர்களும்தான். போரய்யா 1803லேயே இறந்துவிட்டார். இந்திய அறிவின் வாசலுக்குத் தன்னைக் கொண்டுவந்தவர் அவரே என்று 1817இல் நண்பர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் மெக்கன்சி நன்றியோடு குறிப்பிடுகிறார்.

நின்றுபோன அந்த வேலையைத் தொடர அனுமதியும் ஆதரவும் வேண்டும் என்றுதான் லட்சுமய்யா கேட்டார். அரசு உங்கள் சங்கத்திடம் கருத்துக் கேட்டது. அப்போது செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப். சங்கத்தின் குழு என்ன சொன்னது? இந்த வேலைக்கு லட்சுமய்யா மட்டுமல்ல, இந்நாட்டவர் எவருமே ஈடாக மாட்டார்கள், துணையாளாக வேண்டுமானால் பயன்படுவார்கள் என்றது. பாதிரியார் வில்லியம் டெய்லர் பெயரைப் பரிந்துரைத்தது. சரி, டெய்லரும் பின்னால் உழைத்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த ஏடு எந்த ஊரில், யார் கையிலிருந்து வந்தது என்று அறிந்தவர் லட்சுமய்யா. அவரை விலக்கியபோது அந்த அறிவும் விலகிப் போனது. எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது இதுதான்.

இத்தனைக்கும் 1829லேயே இந்தியர்களை உறுப்பினர்களாக ஏற்ற சங்கம் உங்களுடையது. அசோகர் காலப் பிராமி எழுத்தைப் படித்தறிந்த அதே பிரின்செப்புக்குப் பக்கத்தில் இருந்து உதவியவர் பண்டிதர் கமலாகாந்தர். துணையாக இருக்கலாம், தலைமை ஏற்கக் கூடாது என்ற கோடு எங்கே போடப்பட்டது என்பது இந்த ஒரு விண்ணப்பத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது.

அந்தத் தீர்மானம் உங்கள் பழைய இதழில் அச்சாகி நிலைத்துவிட்டது. அதனால் கேட்கிறேன்: லட்சுமய்யா தொடர்பாக உங்களிடம் இருக்கும் கடிதங்களையும் அவருக்கு எதிரான தீர்மானத்தையும் சேர்த்து ஒரே நூலாக வெளியிடுங்கள். நம் மொழிகளிலும் கொண்டுவாருங்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கும் மெக்கன்சி தொகுப்போடு ஒப்பிட்டு, ஒவ்வொரு ஏட்டையும் தேடிக் கொண்டுவந்தவர் பெயரை, தெரிகிற இடத்திலெல்லாம், பட்டியலில் சேர்க்க அவர்களோடு கைகோத்துக்கொள்ளுங்கள். முதல் பெயராக போரய்யாவின் பெயர் வரட்டும்.

அன்புடன்,
சுவடிகளை நேசிக்கும் ஒரு சென்னை வாசகர்