முதல் இலக்கத்தைப் பார்

மன்னார்குடி,
ஏப்ரல் 2025

அன்புள்ள விஜயாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்குக் காது குத்து நல்லபடியாக முடிந்ததில் எனக்கு நிறைந்த சந்தோஷம். முழங்கால் வலியால் வர முடியவில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதே.

உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் என்று அறிவித்து மூன்று வருஷமாகியும் ஒரு செங்கல்கூட இறங்கவில்லை, "அந்தப் பணம் எங்கேடி போச்சு?" என்று கேட்டிருந்தாய். கருவூலத்தில் காலம் தள்ளியவள் என்பதால் என்னைக் கேட்கிறாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அரசின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு கணக்குத் தலைப்பு உண்டு, அதற்கு நான்கு இலக்க எண்ணும் உண்டு. பில்லைக் கையில் வாங்கியதும் என் கண் முதலில் போவது அந்த எண்ணுக்குத்தான். 0-வில் தொடங்கினால் வரவு. போன மாதம் மனை வாங்கினாயே, அதற்குக் கட்டிய 7 சதவீத முத்திரைத் தீர்வை 0030-ல் ஏறியிருக்கும். 2-ல் தொடங்கினால் அன்றாடச் செலவு: ஆசிரியர் சம்பளம் 2202, என் ஓய்வூதியம் 2071, வாங்கிய கடனுக்கு வட்டி 2049. 4-ல் தொடங்கினால் நிலைத்து நிற்கும் சொத்து. பள்ளிக் கட்டடம் 4202.

விஷயம் இங்கேதான் இருக்கிறது, விஜயா. மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு படித்த 2025-26 தமிழ்நாட்டு பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. அதாவது வரியும் மத்திய அரசு தருவதும் சேர்ந்தாலும் அன்றாடச் செலவுக்கே அவ்வளவு குறைகிறது. கட்டடம், பாலம் போன்ற சொத்துச் செலவையும் சேர்த்தால் வரும் மொத்தக் குறை, அதாவது நிதிப் பற்றாக்குறை, 1,06,963 கோடி. பெரும்பாலும் கடன் வாங்கித்தான் அதை ஈடுகட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பார், அப்படி வாங்கும் 100 ரூபாயில் 39 ரூபாய் அன்றாடச் செலவுக்கே போய்விடுகிறது. மிச்சத்தில்தான் பாலமும் பள்ளியும்.

2-ல் தொடங்குவதெல்லாம் வீண் என்று நினைத்துவிடாதே. பிள்ளைகள் காலையில் சாப்பிடும் உப்புமாவும் அன்றாடச் செலவுதான், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வரவு குறையும் வருஷத்தில் சம்பளத்தை நிறுத்த முடியாது, வட்டியை நிறுத்தவே முடியாது. தள்ளிப்போட முடிவது கட்டடம் ஒன்றுதான். கட்டாத வகுப்பறைக்காக யாரும் கோட்டைக்கு ஊர்வலம் போவதில்லையே.

வரவைக் கூட்டவும் வழி குறுகிவிட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பெரும்பாலான பொருள்களின் வரி விகிதத்தை மாநிலம் தனியாக மாற்ற முடியாது. பெட்ரோல், டீசல், மதுபானம், பத்திரப் பதிவு, வாகன வரி போன்ற சிலதான் கையில் மிச்சம். மத்திய வரிகளில் மாநிலங்களுக்கென்று பிரிக்கும் தொகையில் 2021-26 காலத்துக்கு நமக்கு 4.079 சதவீதம். செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் கூடுதலாக டில்லி வசூலிப்பது அந்தப் பங்கீட்டுக்கே வராது. இது நியாயமில்லை என்பது என் திடமான எண்ணம்.

பணம் ஒதுக்கிவிட்டாலும் போதாது. ஒரு மார்ச் 31 ராத்திரி இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. மணி பத்துக்கு மேல். அரசுப் பள்ளி எழுத்தர் ஒருவர், சட்டையெல்லாம் வியர்வை, ஆய்வகச் சாமான் வாங்கிய பில்லை நீட்டினார். ஒதுக்கீட்டு ஆணையின் நகல் இணைக்கப்படவில்லை. விதிப்படி திருப்பிக் கொடுத்தேன். விடிந்தால் ஏப்ரல் 1, அந்த ஒதுக்கீடு காலாவதி. பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார். நான் செய்தது சரிதான். ஆனாலும் அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது. இப்போது எல்லாம் கணினியில்தான், பில் கட்டுகள் கிடையாது. மார்ச் அவசரம் மட்டும் போகவில்லை என்கிறார்கள்.

நீ ஒன்று செய். நிதித்துறை இணையதளத்தில் பட்ஜெட் புத்தகங்கள் கிடைக்கும். பேரனை விட்டு 4202-ஐ எடுக்கச் சொல். அதில் இந்த வருஷ மதிப்பீடு, போன வருஷத் திருத்திய மதிப்பீடு, அதற்கு முந்தைய வருஷம் உண்மையில் செலவான கணக்கு என்று தனித்தனியாக இருக்கும். செலவான கணக்கைப் படி. பேப்பரில் கொட்டை எழுத்தில் வருவது மதிப்பீடு மட்டும்தான். அறிவித்த வருஷத்தில் போட்ட மதிப்பீட்டையும் பிறகு வந்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போ. எண்ணோடு கேட்கிறவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மே மாதம் திருச்சி வருகிறேன். தாளை எடுத்து வை, சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உன் சரோஜா