காண்ட்ரா நடனம்: பெயர்ப் பொருத்தம் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் காண்ட்ரா நடனம் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மேற்கு மாசசூசெட்ஸில் வசிக்கிறேன். இங்குள்ள சிற்றூர் மண்டபங்களில் காலராக, அதாவது அசைவுகளை உரக்கச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவராக நின்று, ஆட்டங்களைச் சொல்லித்தருகிறேன். தமிழ்ப் பத்திரிகையில் இந்த நடனத்துக்கு அரைப் பக்கம் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் பூக்களின் பெயர் கொண்ட ஆட்டங்களாகவே ஒரு மாலை முழுவதும் அடுக்கிய காலரைக் கட்டுரையாளர் வானளாவப் புகழ்ந்திருக்கிறாரே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

கட்டுரை தாண்டிப் போய்விட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜோடிகள் நீண்ட வரிசைகளில் எதிரெதிராக நிற்பார்கள். மேடைப் பக்கத்திலிருந்து இரண்டிரண்டு ஜோடிகள் கைகோத்துக்கொண்டு, நால்வர் நால்வராகப் பிரிவார்கள். மெட்டு 64 எண்ணிக்கை. அதற்குள் வட்டம், நட்சத்திரம், துணையைப் பிடித்துச் சுழலும் ஸ்விங் என்று சில அசைவுகளை முடித்து, ஒரு ஜோடி வரிசையில் கீழேயும் மற்றது மேலேயும் நகரும்; புதிதாக எதிர்ப்படும் ஜோடியோடு அதையே திரும்ப ஆடும். ஒரு சுற்றுக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல். ஃபிடிலும் பியானோவுமாக இசை நேரடியாகவே ஒலிக்கும். காலர் முதலில் இசையில்லாமல் எல்லோரையும் நடக்கவைப்பார். இசை தொடங்கியபின் ஒவ்வோர் அசைவையும் அது வருவதற்கு ஒரு கணம் முன்னால் சொல்லி, ஆடுபவர்களுக்குப் பிடிபட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். (மூடத் தெரியாத காலர்களும் உண்டு. அவர்களைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.)

இதில் ஆட்டத்தின் பெயர் எங்கே வருகிறது? அது காலரின் கையிலுள்ள அட்டையில் இருக்கும். பலர் ஆட்டம் முடிந்த பிறகுதான் பெயரைச் சொல்வார்கள். சிலர் சொல்வதே இல்லை. டான்யா ரோட்டன்பெர்க் அமைத்த 'டெல்ஃபீனியம்ஸ் அண்ட் டெய்சீஸ்' அருமையான ஆட்டம். ஆனால் ஆடுகிறவருக்கு அதில் எந்தப் பூவாசமும் அடிக்காது. அடுத்த கை எங்கிருந்து வருகிறது, உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் அவருக்குத் தெரியும். பெயர்ப் பொருத்தத்துக்காக அதன் முன்னும் பின்னும் இன்னும் இரண்டு பூக்களைச் செருகினால், மூன்றிலும் ஒரே அசைவுகள் வந்து விழலாம்.

நம் சபாக்களில் முருகன் பாடல்களாகவே கச்சேரி அமைப்பதில்லையா? விஷயம் தெரிந்த பாடகர் சாகித்தியத்தை மட்டும் பார்த்துப் பட்டியல் போடமாட்டார். ராகமும் தாளமும் அடுத்தடுத்து மோதாமல் பார்த்துக்கொள்வார். தோடிக்குப் பின் தோடி பாடிவிட்டு 'இரண்டும் முருகன்மேல்தான்' என்றால் ரசிகர்கள் கேன்டீனுக்குப் போய்விடுவார்கள்.

மூன்று மணி நேர மாலையில் பதினொன்று, பன்னிரண்டு ஆட்டங்கள் கொள்ளும். தொடக்கத்தில் புதியவர்கள் கதவருகே தயங்கி நிற்பார்கள். அவர்களை உள்ளே இழுக்க எளிய ஆட்டம் வேண்டும். டேவிட் கேய்னர் அமைத்த 'தி பேபி ரோஸ்' அதற்கு நன்றாகப் பொருந்தும். பெயரில் ரோஜா இருப்பதால் அந்தக் காலரும் அதையே முதலில் வைத்திருக்கக்கூடும். இந்த ஓர் இடத்தில் அதிர்ஷ்டம் அவர் பக்கம்! நால்வரும் ஒருவரையொருவர் ஊடுருவிப் பின்னிச் செல்லும் 'ஹே'யை மூன்றாவது நான்காவது ஆட்டத்துக்கு முன்னால் கொண்டுவந்தாலோ, பாதி வரிசை முட்டிக்கொண்டு நிற்கும். அந்த அசைவு எந்தப் பூவின் பெயரில் வந்தால் என்ன?

பழைய ஆட்டங்கள் மட்டும் என்று வைக்கும் மாலைகளிலும் தொல்லை உண்டு, வேறு விதத்தில். நியூ ஹாம்ப்ஷயரின் ரால்ஃப் பேஜ் (1903–1985) போன்ற காலர்கள் காத்துக்கொடுத்த செல்வம் அவை. எனக்கும் அவற்றின்மேல் பற்று அதிகம். ஆனால் 'கோரஸ் ஜிக்'கில் வரிசைக்கு வெளியே இறங்கிப் போவதும், நடுவே நடந்து வருவதும், கடைசியில் ஸ்விங் ஆடுவதும் முதல் ஜோடிதான். இரண்டாம் ஜோடி பெரும்பாலும் நின்று பார்க்க வேண்டியதுதான். இன்றைய ஆட்டங்களில் எல்லோருக்கும் எப்போதும் வேலை இருக்கிறது. அதற்குப் பழகிய இளைஞரை இரவு பத்து மணி வரை இப்படி நிறுத்திவைத்தால் அடுத்த வாரம் வரமாட்டார். ஒன்றே ஒன்று வைத்தால் அவரே வந்து இன்னொன்று கேட்பார். இடையில் ஒரு திருத்தம்: 'கோரஸ் ஜிக்' ஜிக் தாளத்தில் ஆடப்படுவது என்று உங்கள் பெட்டிச் செய்தி சொல்கிறது. பெயர்தான் ஜிக், மெட்டு ரீல். (ஜிக்கில் தாளம் மும்மூன்றாக ஓடும், ரீலில் இரண்டிரண்டாக.)

கருப்பொருளே கூடாது என்று நான் சொல்லவில்லை. கால் உணரக்கூடிய கருப்பொருளாக இருக்கட்டும் என்கிறேன். எனக்குப் பிடித்தது 'பெட்ரொனெல்லா' அசைவு. நால்வர் வட்டமாகக் கைகோத்து உள்ளும் புறமும் அசைந்து, கையை விட்டுச் சுழன்றபடி வலப்பக்கத்து இடத்துக்குப் போவார்கள். சுழலும்போது இரண்டு கைதட்டல். அதைக் கற்றுத்தரவே வேண்டாம், தானாகத் தொற்றிக்கொள்ளும். முதல் பாதியில் இதை எளிய புதிய ஆட்டம் ஒன்றில் கொடுப்பேன். அடுத்த ஆட்டங்களில் அது தலைகாட்டாது. பிறகு, பக்கத்திலிருப்பவரின் கையைப் பிடித்து அசைந்து, அவரைக் கடந்து சுழன்று இடம் மாறும் 'ரோரி ஓ'மோர்' அசைவு வரும். உடம்புக்கு அது ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். இடைவேளைக்குப் பின் அந்த அசைவுக்குப் பெயர் தந்த, ஸ்காட்லாந்து வழி வந்த பழைய 'பெட்ரொனெல்லா' ஆட்டத்தையே ஆடவைப்பேன். இதுதான் இன்றைய கருப்பொருள் என்று நான் அறிவிப்பதில்லை. கைதட்டல் கூடிக்கொண்டே போகிறதா என்று கேட்டால் போதும்.

பெயருக்காக ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளும் உண்டுதான். 'ஹல்ஸ் விக்டரி' என்பது 1812-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பலை வென்ற ஐசக் ஹல்லின் பெயரால் வந்தது. அவர் நடத்திய 'கான்ஸ்டிடியூஷன்' கப்பல் இன்றும் பாஸ்டன் துறைமுகத்தில் நிற்கிறது. ஜூலை 4-ஐ ஒட்டிய வாரத்தில் இந்தக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிட்டு ஆடவைத்தால் சுவை கூடும். அதற்காக மாலை முழுவதும் போர்க்கப்பல் ஓட்ட வேண்டியதில்லை.

பிள்ளைகளைப் பார்க்க பாஸ்டன் பக்கம் வரும் வாசகர்கள் கன்கார்டின் ஸ்கவுட் ஹவுஸிலோ, மேற்கே கிரீன்ஃபீல்டின் கைடிங் ஸ்டார் கிரேஞ்ச் மண்டபத்திலோ காண்ட்ரா நடக்கும் நாளைக் கேட்டு வரலாம். துணையோடு வர வேண்டிய கட்டாயமில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஜோடி மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். புடவையோ சுடிதாரோ, எதுவும் தடையில்லை. மரத் தளம் கெடாதபடி, தெருவில் நடக்காத மென்மையான காலணி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, புதியவர்களுக்கான பாடம் தொடங்கும் முன்பே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மேற்கு மாசசூசெட்ஸ், அமெரிக்கா