புதன்கிழமை மட்டும் மூடியிருக்கும்

தம்பி,

நல்லா இருக்கிறாயா? தோஹாவில் வெயில் எப்படி? தண்ணீர் நிறையக் குடி. போன ஞாயிறு நீ போன் போடவில்லை, அதற்கு முந்தின ஞாயிறும் இல்லை, வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் அனுப்பிய போட்டோவுக்கு நீலக் கோடு விழுந்துவிட்டது, பதில்தான் வரவில்லை. சரி.

அது பைகுல்லா மியூசியத்தில் எடுத்தது. உன் அக்கா மகளுக்குப் பள்ளியில் ஏதோ புராஜெக்ட், தாத்தாதான் வரணும் என்று அடம். சயானில் ஸ்லோ டிரெயின் பிடித்துப் போனோம். ராணி பாக்கில் மிருகம் பார்க்கப் போகும்போதெல்லாம் நீ அந்தக் கட்டடத்தைக் காட்டி உள்ளே போகலாம் என்பாய், பழைய சாமான்தான் கிடக்கும் வாடா என்று நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேனே, அதேதான். எலிஃபெண்டா தீவிலிருந்து வந்த கல் யானை வெளியே அப்படியே நிற்கிறது. வெள்ளைக்காரன் இங்கிலாந்துக்குத் தூக்கிப்போகப் பார்த்து, உடைந்து, பிறகு ஒட்டவைத்ததாம். ஒட்டு தெரிகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், நம் தொழில் புத்தி.

உள்ளே போனால் கண் கூசுகிறது. இரும்புத் தூண், விட்டமெல்லாம் தங்கப் பூச்சு. 1872-ல் திறந்தது, மும்பையிலேயே பழைய மியூசியம் இதுதான். விக்டோரியா ஆல்பர்ட் என்ற பேரை 1975-ல் டாக்டர் பாவ் தாஜி லாட் என்று மாற்றினார்கள். தேக்கு அலமாரியின் மூலை இணைப்பைத் தடவிப் பார்த்தேன், காவலாளி அதட்டினான். ராஜாக்களின் வாள், கிரீடம் என்று நினைத்துப் போனேன், அங்கே இருப்பது முக்கால்வாசியும் கைவேலை. பானை, வெள்ளிச் சாமான், தந்த வேலை. தொழிலாளி செய்ததைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறான் தம்பி! நாற்பது வருஷம் தோல் வெட்டியவனுக்கு இது யாரும் சொல்லவில்லை.

மாடியில் மண் பொம்மைகள். அந்தக் கால பம்பாய் ஜனங்கள், ஆளுக்கொரு தலைப்பாகை. துணி மடிப்பு மண்ணில் தெரிகிறது. அங்கேதான் எனக்குக் கால் ஓடவில்லை, பிள்ளை தாத்தா வா வா என்று இழுக்கிறாள்.

நீ கும்பார்வாடாவில் மண் வாங்கி வந்து செய்தாயே, நான் குத்தவைத்து உட்கார்ந்து தோல் வெட்டுகிற மாதிரி ஒன்று, அம்மா குடத்தோடு குழாயடியில் நிற்கிற மாதிரி ஒன்று. 2005 ஜூலை 26 வெள்ளத்தில் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். வெள்ளம் கொண்டுபோகவில்லை. பரண்மேல் காய்ந்தபடியே இருந்தன. பத்தாவது வரப்போகிறது, இவன் மண்ணில் உட்கார்ந்திருக்கிறானே என்று, வீட்டுச் சேற்றை அள்ளிய கூடையில் அவற்றையும் நான்தான் போட்டேன். என் பொம்மைக்கு வலது கட்டை விரல் கொஞ்சம் வளைந்திருக்கும், நிஜத்தில் இருப்பது போலவே. அதைப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்ததற்கு யுனெஸ்கோ விருது கொடுத்ததும் அதே 2005-ல்தானாம்.

நீ என்ஜினியர் ஆனதை 90 அடி ரோட்டில் நான் சொல்லாத ஆள் இல்லை. இப்போதும் சொல்வேன். ஆனால் பெற்றவனுக்கு இரண்டு நிமிஷம் போன் பேச முடியாத வேலை என்ன வேலை? வேலையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. உன்னோடு ரூமில் இருந்த பையன் ஊருக்கு வந்திருக்கிறான், வழியில் பார்த்தேன், அவனிடமும் கேட்கவில்லை. வெயிலில் அலையாதே. தண்ணீர் குடி.

மியூசியம் புதன்கிழமை மட்டும் மூடியிருக்கும், மற்ற எந்த நாள் வந்தாலும் போகலாம். பிளேன் டிக்கெட் நான் போடுகிறேன், சீட்டுப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

அப்பா