பதிவுக்குக் கீழே ஒரு தேதி போடுங்கள்

பல நாடுகளின் ஆராய்ச்சி, புத்தாக்கக் கொள்கைகளைத் தொகுக்கும் பன்னாட்டுத் தரவுத்தளங்களை நடத்துகிறவர்களுக்கும், அவற்றுக்குத் தகவல் அனுப்பும் நம் நாட்டு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். போன மாதம் என் ஆராய்ச்சி மாணவியின் ஆய்வேடு திரும்பி வந்துவிட்டது. நான்காம் அத்தியாயத்தை மறுபடி எழுதித் தரும்படி வெளித் தேர்வாளர் குறிப்பு அனுப்பியிருக்கிறார். உங்கள் தளங்களில் ஒன்றிலிருந்து நாங்கள் எடுத்த ஒரே ஒரு எண்தான் காரணம். எந்தத் தளம் என்று இங்கே எழுதவில்லை. ஒருவரைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. இன்னொரு மாணவிக்கு இது நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த எண் 200. நம் பழைய (1961) வருமான வரிச் சட்டத்தின் 35(2ஏபி) பிரிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொந்த ஆராய்ச்சிக் கூடம் வைத்து, அதற்கு உரிய மத்திய அரசு அங்கீகாரமும் வாங்கிய ஒரு நிறுவனம் அங்கே 100 ரூபாய் செலவு செய்தால், வரி போடும் வருமானத்திலிருந்து 200 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம் என்று 2010 பட்ஜெட்டில் ஆக்கினார்கள். அதற்கு முன்பு 150 ஆக இருந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் திரும்பவும் 150 ஆனது. 2020 ஏப்ரல் 1 முதல் வெறும் 100. அதாவது கூடுதல் சலுகை என்று எதுவுமே மிச்சமில்லை. ஆனால் பிரிவு அப்படியே இருந்தது, பெயரும் அப்படியே இருந்தது.

நாங்கள் பார்த்த பதிவில் சலுகை 200 சதவீதம். நிலை: நடைமுறையில் உள்ளது. முடிவுத் தேதிக்கான கட்டம் காலி. கீழே ஒரு லிங்க். அதை அழுத்தினால் பக்கம் கிடைக்கவில்லை என்று வரும். அந்தப் பதிவை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள், அதற்குப் பிறகு யாராவது திறந்து பார்த்தார்களா என்று சொல்ல ஒரு வரிகூடக் கிடையாது.

சட்டத்தையே எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்த்திருக்க வேண்டும்தான், வழிகாட்டி என்ற முறையில் அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மாணவி பதினொரு நாடுகளின் வரிச்சலுகையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒப்பீடு என்றால் எல்லா நாட்டுக்கும் ஒரே மூலத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வுமுறையின் பாலபாடம். ஒரு நாட்டுக்கு உங்கள் பதிவு, இன்னொரு நாட்டுக்கு ஆடிட்டர் சொன்னது என்று கலந்தால் அதையும் தேர்வாளர் கேட்பார். சரி, இந்தியச் சட்டத்தைப் படித்துவிடுவோம். கொரியாவின் சட்டத்தையும் பின்லாந்தின் சட்டத்தையும் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அவர் எப்படிச் சரிபார்ப்பார்? அதற்காகத்தானே உங்களிடம் வந்தோம்?

அந்த ஒரு எண் மாறியதும் பட்டியலில் மூன்றாவதாக இருந்த இந்தியா அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. அதன் மேல் கட்டிய வாதம் முழுக்கப் போயிற்று. அவருடைய உதவித்தொகை மார்ச்சோடு முடிந்துவிட்டது. உதவிப் பேராசிரியர் வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்க முனைவர் பட்டச் சான்று கேட்டிருந்தார்கள். கடைசித் தேதிக்குள் கையில் பட்டம் இல்லை. இப்போது பகலில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப் பதிவியல் சொல்லித் தருகிறார். இரவில் மற்ற பத்து நாடுகளின் எண்களையும் ஒவ்வொன்றாகத் துருவிக்கொண்டிருக்கிறார். ஒன்று தப்பாக இருந்த பிறகு மற்றவற்றை எப்படி நம்புவது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் அதைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் போடுங்கள். சரிபார்த்தது எந்த அலுவலகம் என்றும் போடுங்கள். விவரம் மாறினால் பழையதை அழிக்காமல் அதையும் தேதியோடு வைத்திருங்கள்.

உங்கள் வேலையின் அருமை தெரியாமல் இதைச் சொல்லவில்லை. ஐரோப்பிய ஆணையமும், பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓ.இ.சி.டி.யும் சேர்ந்து நடத்தும் ஸ்டிப் காம்பஸ் போன்ற ஒரு தளம் என் படிப்புக் காலத்தில் இருந்திருந்தால் நான் டெல்லி நூலகங்களில் செலவழித்த இரண்டு கோடை விடுமுறைகள் மிச்சமாகியிருக்கும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அரசுகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் பல்லாயிரம் திட்டங்களை ஒரே அச்சில் வார்த்து, காசு வாங்காமல் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். யுனெஸ்கோவின் கோ-ஸ்பின் முயற்சி ஆப்பிரிக்க நாடுகளின் கொள்கைகளை ஆழமாகத் தொகுத்தது. எங்களைப் போன்ற சிறிய கல்லூரிகளுக்கு இவை பெரிய வரம்.

ஆனால் இந்த முறையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அரசுகளே தங்களைப் பற்றித் தாங்களே எழுதித் தரும் பதில்கள் இவை. புதுத் திட்டம் தொடங்கினால் எழுதித் தர எல்லா அதிகாரிக்கும் ஆர்வம் இருக்கும். ஒரு திட்டம் நின்றுபோனதை, சலுகை பாதியானதை எழுதித் தர யாருக்கு மனம் வரும்? அதனால் தொடக்கத் தேதிகள் எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன, முடிவுத் தேதிகள் காலியாகக் கிடக்கின்றன. ஆராய்ச்சிச் செலவை அளக்க 1963-லேயே ஓ.இ.சி.டி. நாடுகளின் வல்லுநர்கள் இத்தாலியின் ஃப்ரஸ்காட்டியில் கூடி ஒரு கையேடு எழுதினார்கள். எது ஆராய்ச்சி, எது ஆராய்ச்சி இல்லை என்று அறுபது ஆண்டுகளாக அதை வைத்துத்தான் உலகம் எண்ணுகிறது. ஒரு கொள்கை எப்போது உயிரோடு இருக்கிறது, எப்போது இறந்துவிட்டது என்று சொல்ல அந்த அளவுக்கு எல்லோரும் ஏற்ற ஒரு வரையறை இன்னும் வரவில்லை.

நம் நாட்டு அதிகாரிகளிடமும் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டும். 1958, 1983, 2003, 2013 என்று நான்கு அறிவியல், தொழில்நுட்பக் கொள்கைகள் நமக்கு உண்டு. ஐந்தாவதின் வரைவை 2020 டிசம்பர் கடைசியில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டீர்கள். எங்கள் துறையில் இரண்டு நாள் உட்கார்ந்து படித்து நாங்களும் எழுதினோம். அது வரைவாகவே நிற்கிறது. அதை ஒரு தளத்தில் எந்த நிலையில் பதிவது? 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. வாரியத்தின் பெயரில் இருந்த திட்டங்களில் எது தொடர்கிறது, எது நின்றது, எது பெயர் மாறியது என்று ஒரே தாளில் எழுதி வைக்க ஓர் ஆள் போதும். அமைச்சகத்தின் பெயர் மாறினால் இணைய முகவரியும் மாறுகிறது, பழைய அரசாணைகள் காற்றில் போகின்றன. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் 35(2ஏபி) என்ற பிரிவு எண்ணுக்கே இனி வேலை இல்லை. அந்த எண்ணை வைத்துத் தேடுகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று யாராவது யோசித்தீர்களா?

தமிழ்நாடு அரசு 2022-ல் தனியாக ஓர் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டது. ஸ்டார்ட்அப் கொள்கை 2018-ல் ஒன்று, 2023-ல் ஒன்று. மத்திய அரசின் மேசைக்குப் போகும் கேள்வித்தாளில் இவை எங்கே ஏறும்? எங்கள் ஊரில் பம்புசெட் தயாரிக்கிற ஒரு சிறு தொழில் முதலாளிக்கு டெல்லித் திட்டமும் சென்னைத் திட்டமும் இரண்டும் வேண்டும். 200 சதவீதம் இருந்த காலத்தில் ஆராய்ச்சிக்கென்று மூன்று பேரை வேலைக்கு வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். சலுகை குறையக் குறைய அந்த மூன்று பேரும் ஒருவராகிவிட்டார்கள். அவருடைய கதை எந்தப் பதிவிலும் இல்லை. பதிவில் திட்டம் மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. 2020-21 கணக்குப்படி நாம் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம், தென்கொரியா 5 சதவீதத்தை ஒட்டிச் செலவிடுகிறது. இருக்கிற கொஞ்சத்திலும் எது பலன் தந்தது, எதை ஏன் நிறுத்தினோம் என்று தெரியாவிட்டால் அடுத்த கொள்கையை எதை வைத்து எழுதுவீர்கள்?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்த விஷயத்துக்குத் திரும்புகிறேன்.

பெரிய நிதியோ புதிய மென்பொருளோ கேட்கவில்லை. பதிவுக்குக் கீழே கடைசியாகச் சரிபார்த்த தேதி. மாறிய விவரங்களின் பழைய வடிவம். செத்துப்போன லிங்குக்குப் பதிலாக அந்த ஆவணத்தின் ஒரு நகல். அப்புறம், தவறைப் பார்த்தவர் அந்த இடத்திலேயே எழுதிச் சொல்ல ஒரு சிறிய பெட்டி. நாங்கள் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் இன்றுவரை பதில் இல்லை என்பதால் இதைச் சேர்த்துக் கேட்கிறேன். இரண்டு ஆண்டுகளாக யாரும் சரிபார்க்காத பதிவில் "நடைமுறையில் உள்ளது" என்பதை எடுத்துவிட்டு "சரிபார்க்கப்படவில்லை" என்று எழுதுங்கள். அதைப் பார்த்திருந்தால் என் மாணவி அன்றைக்கே சட்டப் புத்தகத்தைத் தேடிப் போயிருப்பார்.

இந்தியா தொடர்பான வரிச்சலுகைப் பதிவுகளைச் சரிபார்த்துத் தர எங்கள் துறையின் முதுகலை மாணவர்கள் ஆறு பேர் முன்வந்திருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம் என்கிறார்கள். திருத்தத்தை யாரிடம் கொடுப்பது என்று மட்டும் சொல்லுங்கள். என் மாணவி அத்தியாயத்தைத் திரும்பச் சமர்ப்பிக்க ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது. அதற்குள் அந்த 200-க்குக் கீழே ஒரு தேதி போட்டுவிட்டால் அடிக்குறிப்பில் அவரால் அதைக் காட்ட முடியும். தயவுசெய்து போடுங்கள்.

மரியாதையுடன்,
ஒரு பொருளாதார ஆசிரியர்
கோயம்புத்தூர்